பூச்சு: இல்லை

கடிதம் ப்ராக்கிலிருந்து வந்தது. உறையின்மேல் அலோயிஸ் குபாத் என்ற பெயர்தான் இருந்தது. பிரித்தது அவர் மனைவி மிலாடா. அந்த வீட்டில் கடிதம் யார் பெயருக்கு வருகிறது என்பது தபால்காரருக்கு மட்டும் தேவையான தகவல். காளான் நறுக்கிக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டு நின்றபடி ஒரு முறை படித்தாள், உட்கார்ந்து ஒரு முறை படித்தாள், பிறகு நிலவறைப் படிகளின் உச்சியில் நின்று கத்தினாள்.

"லோய்ஸா! மேல வா! ஒரு கல்லுக்கு என் பேரை வைக்கப்போறாங்களாம்!"

"எந்தக் கல்லுக்கு?" என்று கீழிருந்து குரல் வந்தது. நாற்பத்து நான்கு வருட இல்லறத்தில் அலோயிஸின் முதல் கேள்வி கல்லைப் பற்றியதாக இல்லாத நாள் அபூர்வம்.

"உன் மஞ்சள் கல்லுக்குத்தான்யா. மிலாடைட்! சொல்லிப்பாரு, மிலாடைட்!"

அலோயிஸ் மேலே வந்தார். மிலாடா வழக்கப்படி உப்பு ஜாடிக்குப் பக்கத்திலிருந்த கதிர்வீச்சைக் காட்டும் கைகர் கருவியை எடுத்து அவருடைய இரண்டு கைகளின் மேலும் காட்டினாள். அது சோம்பலாக டிக்... டிக் என்றது. கை கழுவியிருக்கிறார் என்று அர்த்தம். கருவி படபடவென்று அடித்தால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது. அந்தக் கருவி கல்யாணத்துக்கு அவர் அவளுக்குக் கொடுத்த பரிசு. அவர் கொடுத்த பரிசுகளிலேயே உருப்படியாகப் பயன்பட்டது அதுதான். மற்றவற்றைச் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் மற்றவை இல்லை.

அவர்கள் ஊரான யாக்கிமோவில் இதெல்லாம் அதிசயமில்லை. ஊர் மலையைக் குடைந்து முதலில் வெள்ளி எடுத்தார்கள், பிறகு யுரேனியம் எடுத்தார்கள், இப்போது ரேடான் வாயு கலந்த வெந்நீர் எடுத்து மூட்டுவலிக்காரர்களை அதில் ஊறவைக்கிறார்கள். அந்த நீரை மேலே ஏற்றும் பம்புகளுக்கு அலோயிஸ் முப்பத்தெட்டு வருடம் மின்பணியாளராக இருந்தார். வேறு ஊரில் ஓய்வுபெற்ற ஆண்கள் சீட்டாடுவார்கள். இங்கே கல் சேர்ப்பார்கள். அலோயிஸின் நிலவறையில் ஆயிரத்து முந்நூறு கற்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று, கோழிமுட்டை அளவுச் சாம்பல் பாறையில் எலுமிச்சை மஞ்சளில் மயிரிழை போன்ற ஊசிகள் கொத்துக் கொத்தாக முளைத்த மஞ்சள் கல், 1974 ஜனவரியில் ஒரு பழைய பம்புக்குப் பின்னால் சுவர்ப் பிளவில் கிடைத்தது. அதன் கீழே வைத்திருந்த பெயர்ச் சீட்டில் அவர் எழுதியிருந்தது: 'யுரேனோஃபேன்? யாக்கிமோவ், 1974. பூச்சு: இல்லை.'

சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் மனைவியின் பிறந்தநாளை மறப்பார்கள், கல்லின் சீட்டைத் தொலைக்க மாட்டார்கள். கல் கை மாறினால் சீட்டும் கூடவே போகும். எழுதியது தப்பென்று தெரிந்தால் கிழித்துப் போடக் கூடாது; ஒரே கோடாக அடித்து, கீழே சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நூறு வருடத்துப் பழைய சீட்டில் ஆறு பேருடைய தப்புகள் வரிசையாக நிற்கும். அதுதான் அந்த மனிதர்களுக்கு நாணயம், மானம், வேதம் எல்லாம்.

"படி, படி" என்று மிலாடா கடிதத்தை அவர் கையில் திணித்தாள்.

எழுதியிருந்தவர் டாக்டர் ஹ்லாடிக், முப்பத்தொரு வயது ஆராய்ச்சியாளர். வசந்த காலக் கல் சந்தையில் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு, கடுகளவு ஊசிகளை வாங்கிக்கொண்டு போனவர். கடிதம் அவருக்கே உரிய ஆர்வத்தோடு இருந்தது.

'இந்தக் குடும்பத்துக் கனிமங்களை ஓர் அடுக்குமாடி வீடு என்று நினைத்துக்கொள்ளுங்கள், குபாத் ஐயா. யுரேனியமும் சிலிக்கனும் ஒன்றுக்கு ஒன்று சேர்ந்து தளங்களைக் கட்டுகின்றன. தளங்களுக்கு நடுவே யார் குடியிருக்கிறார்களோ அவர்களை வைத்துத்தான் பெயர். கால்சியம் குடியிருந்தால் யுரேனோஃபேன். பொட்டாசியம் இருந்தால் போல்ட்வுடைட். செம்பு இருந்தால் வாயில் நுழையாத இன்னொரு பெயர். உங்கள் கல்லில் கால்சியத்தோடு கார்பன் இருக்கிறது. நிறையவே இருக்கிறது. கார்பன் குடியேறிய இப்படியொரு வீட்டை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. இது புதிய கனிமம் என்று சர்வதேசக் குழுவுக்கு எழுதப்போகிறேன். கண்டெடுத்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்வது அழகல்ல என்பதால், நீங்கள் சந்தையில் விளையாட்டாகச் சொன்னபடி, உங்கள் மனைவியின் பெயர். உயிரோடு இருப்பவர் என்பதால் அவருடைய சம்மதக் கையெழுத்து வேண்டும்.'

'கார்பன்' என்ற சொல்லுக்கு வந்ததும் அலோயிஸ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"அழாதே" என்றாள் மிலாடா. அவள் குரலும் கரகரத்தது. "எனக்குத் தெரியும், நீ வாய் திறந்து ஒண்ணும் சொல்லத் தெரியாதவன். நாற்பத்து நாலு வருஷத்துல ஒரு பூ வாங்கித் தந்ததில்ல. ஆனா கல்லுல பேர் வச்சிட்டியே. பூ வாடிடும், இது வாடாது." பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "பேப்பர்ல போடுவாங்க. ஒஸ்ட்ரோவ்லயும் அந்தப் பேப்பர் வரும். ஹெர்மீனா படிக்கட்டும். அந்தத் திருடி நல்லாப் படிக்கட்டும்" என்று தன் தங்கையைச் சொன்னாள்.

அலோயிஸ் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். அந்தக் கார்பன் எங்கிருந்து வந்தது என்று உலகத்திலேயே தெரிந்த ஒரே மனிதர் அவர்தான்.

வந்தது மேற்கு ஜெர்மனியிலிருந்து. 1974 பிப்ரவரியில் சுரங்கத் தொழிலாளர் நடன விழா. அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சாமானுக்கென்று தனிக் கடை, அதற்குத் தனிக் கூப்பன். இருபத்தைந்து வயது மிலாடா யாரையோ பிடித்து, யாருக்கோ ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்து, ஒரு ஹேர் ஸ்ப்ரே டப்பா வாங்கிவந்தாள். தங்க நிற டப்பா. தலைமுடியைத் தேன்கூடு மாதிரி தூக்கிக் கட்டி, அதை அடித்துவிட்டால் விடியும்வரை ஆடினாலும் ஒரு மயிர் அசையாது. குளியலறை அலமாரியில் அதைச் சாமி மாதிரி வைத்திருந்தாள். அப்போது அவள் தங்கை ஹெர்மீனாவும் அவர்களோடுதான் இருந்தாள். வெந்நீர் விடுதிச் சமையற்கட்டில் வேலை.

அதே வாரத்தில் அலோயிஸுக்கு வேறு கவலை. மஞ்சள் கல்லின் ஊசிகள் உதிர்ந்துகொண்டிருந்தன. நகம் பட்டாலே கீறல் விழும் மென்மை, தெருவில் லாரி போனாலே நாலு ஊசி விழும் ஒல்லி. கல் சங்கத்தில் தபால்காரர் டோப்ரோமிலிடம் யோசனை கேட்டார். டோப்ரோமில் அன்றைக்கே இந்த விஷயங்களில் பெரிய மனிதர்.

"ஹேர் ஸ்ப்ரே அடி. தள்ளி நின்னு ரெண்டே ரெண்டு தடவை. ஊசி கெட்டியாப் பிடிச்சுக்கும்."

நடன விழா அன்று காலை, பெண்கள் இருவரும் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அலோயிஸ் டப்பாவை நிலவறைக்கு எடுத்துப்போனார். இரண்டு தடவை அடித்தார். ஊசிகள் இன்னும் நடுங்குவதுபோல் இருந்தது. இன்னும் இரண்டு அடித்தார். மின்பணியாளருக்கு ஒரு பழக்கம் உண்டு. முறுக்கிய திருகை இன்னொரு சுற்று முறுக்காமல் விட மாட்டார். டப்பா காலியானது. மூடியை ஒழுங்காக மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

சாயங்காலம் மிலாடா அழுத்தினாள். 'புஸ்' என்று காற்று மட்டும் வந்தது. அதே நேரம் பார்த்து ஹெர்மீனா அறையிலிருந்து வந்தாள். தலைமுடி தேன்கூடாக, விறைப்பாக, அழகாக இருந்தது.

"எடுத்தது நீதானே?"

"நான் தொடல. இது பீர் தடவிக் கட்டினது. உன் டப்பாவைத் தொடக் கூடாதுன்னுதான் பீர் தடவினேன். வேணும்னா மோந்து பாரு."

மிலாடா மோந்து பார்க்கவில்லை. "சின்ன வயசிலேருந்தே நீ திருடி" என்றாள். அதற்குமேல் சொன்னதெல்லாம் அக்கா தங்கைக்கு மட்டுமே சொல்லத் தெரிந்த சொற்கள். ஹெர்மீனா பெட்டியை எடுத்துக்கொண்டு பனியில் இறங்கிப் போனாள். அலோயிஸ் சட்டைப் பொத்தானைப் போட்டபடி நடுவில் நின்றார். மிலாடா திரும்பி, "நீ எடுக்கலையே?" என்று வெறும் சம்பிரதாயத்துக்குக் கேட்டாள். "இல்லை" என்றார். காலையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அலோயிஸ் கெட்டிக்காரர் இல்லை, அதனால் அது நாற்பத்திரண்டு வருடம் தாங்கியது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஹெர்மீனா பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்திலுள்ள ஒஸ்ட்ரோவுக்குக் குடிபோய் அங்கேயே தங்கிவிட்டாள். அம்மா அப்பா அடக்கத்தின்போது இரண்டு பேரும் குழியின் இரண்டு பக்கத்தில் நின்றார்கள். நடுவில், மண் போடும் இடத்தில், அலோயிஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு முறையும் காலையில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார்.

இப்போது நீங்கள் கேட்கலாம்: ஆராய்ச்சிக்காரர் முன்கூட்டியே விசாரிக்க மாட்டாரா? விசாரித்தார். ஜூலையில் ஒரு படிவம் அனுப்பினார். எட்டாவது கேள்வி: 'மாதிரியின்மேல் பசை, பூச்சு, ரசாயனம் ஏதாவது பட்டிருக்கிறதா?' அலோயிஸ் அதைச் சமையலறை மேசையில் வைத்து நிரப்பினார். எதிரே மிலாடா பட்டாணி உரித்துக்கொண்டே ஒவ்வொரு கேள்வியாக வாய்விட்டுப் படித்தாள். எட்டாவதையும் படித்தாள். "இல்லை" என்று வாய் தானாகச் சொன்னது, கை தானாக எழுதியது. நாற்பத்திரண்டு வருடம் பழகிய வாய்.

சனிக்கிழமை மதியம் சங்கக் கூட்டத்தில் மிலாடா கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு ஆயிற்று. ஹ்லாடிக்கே நேரில் வருகிறார். நடுவில் ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் ஊர் என்னென்ன செய்யுமோ அவ்வளவும் செய்தது. ரொட்டிக்கடைக்காரி எலுமிச்சைச் சர்க்கரையில் ஊசி ஊசியாகக் குத்திய பாபோவ்கா கேக் செய்து 'மிலாடைட்' என்று பலகையில் எழுதி வைத்தாள். வெந்நீர் விடுதிக்காரர்கள் கல்லைக் கூடத்தில் காட்சிக்கு வைக்க முடியுமா என்று கேட்டார்கள். மிலாடா புது நீலச் சட்டை தைத்துக்கொண்டாள். அவள் தெருவில் நடந்தபோது, 'மிலாடைட் போறா' என்று சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து அலோயிஸுக்கே எத்தனையோ வருடமாகியிருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும். சொல்லாவிட்டால் கனிமங்களின் உலகப் பட்டியலில் ஒரு பொய்யும், ஒஸ்ட்ரோவில் ஒரு திருடியும் நிரந்தரமாகிவிடும். மூன்றாவது வழியொன்று இருப்பதாக அவர் நம்பினார்: தான் சொல்லாமல், அறிவியலே கண்டுபிடித்துவிட வேண்டும். புதன்கிழமை ப்ராக்குக்குப் போன் போட்டார்.

"டாக்டர், அதை அசிட்டோன்ல கழுவிப் பார்த்தா என்ன?"

"ஏன் கழுவணும், குபாத் ஐயா? நீங்கதான் ஒண்ணும் படலன்னு எழுதியிருக்கீங்களே. அவ்வளவு ஒல்லி ஊசியை வீணாக்கலாமா?"

"இல்ல, ஒரு சந்தேகத்துக்கு... சூடு பண்ணிப் பார்த்தீங்களா?"

"பார்த்தோமே! லேப் முழுக்க சலூன் வாசனை. எங்க ஆள் ஒருத்தர், இந்த மலைக்குள்ள யாரோ முடி வெட்டுறாங்கன்னு சொல்லிச் சிரிச்சார்."

அலோயிஸ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "அது ஏன்னு யோசிச்சீங்களா?"

"ராத்திரி பகலா யோசிச்சேன். கோடி வருஷத்துக்கு முந்தின மரப்பிசின்னு எழுதியிருக்கேன்."

அலோயிஸ் போனை வைத்தார். படித்தவர்கள் கைவிட்டால் வேறு யாரிடம் போவது?

சனிக்கிழமை. மதுக்கடையின் பின்னறை. கல் இருக்கும் மேசையில் பீர் வைக்கக் கூடாது என்பது சங்க விதி, அதனால் பதினொரு பேரும் குவளைகளைக் கையில் பிடித்தபடி சுவரோரம் நின்றார்கள். தலைவர் டோப்ரோமில், இப்போது எண்பதைத் தொடுகிறார், கண்ணாடிப் பெட்டியிலிருந்த கல்லின்மேல் புற ஊதா விளக்கைக் காட்டினார். ஊசிகள் மங்கலான பச்சையில் ஒளிர்ந்தன. யுரேனோஃபேன் ஒளிரும் பச்சைதான் அது. ஆனால் ஊசிகளின் அடியில் சின்னச் சின்ன நீலப் பொட்டுகள் தெரிந்தன. டோப்ரோமில் குனிந்தார். இன்னும் குனிந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அலோயிஸைப் பார்த்தார். அலோயிஸ் கூரையைப் பார்த்தார். டோப்ரோமில் விளக்கை அணைத்துவிட்டு, "ரொம்ப நல்லாயிருக்கு" என்றார்.

ஹ்லாடிக் சம்மதப் படிவத்தை மேசையில் விரித்துத் தன் பேனாவைத் திறந்து கொடுத்தார். மிலாடா புது நீலச் சட்டையோடு எழுந்தாள். இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

"எனக்குப் பேசத் தெரியாது. எனக்குன்னு ஒண்ணு இருந்தா அது எங்கிட்ட நிக்காது. ஒரு தடவை ஆசையா ஒண்ணு வாங்கி வச்சேன், என் கூடப் பொறந்தவளே எடுத்துக்கிட்டா. அதுக்கப்புறம் நான் எதுக்கும் ஆசைப்பட்டதில்ல. இந்தக் கல்லைத்தான் யாரும் எங்கிட்டேருந்து எடுக்க முடியாது."

பேனா முனை தாளைத் தொடப் போனது.

"கையெழுத்துப் போடாதே" என்றார் அலோயிஸ்.

எல்லாரும் திரும்பினார்கள். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"அது கார்பன் இல்ல. கார்பன்தான்... ஆனா கல்லோடது இல்ல. அது ஹேர் ஸ்ப்ரே."

யாரோ ஒருவருடைய பீர் நுரை அடங்கும் சத்தம்கூடக் கேட்டது. ஹ்லாடிக்கின் முகம் பழைய ரொட்டி நிறத்துக்குப் போனது. இருந்தாலும் அவர் ஆராய்ச்சியாளர்; குறிப்பேட்டைத் திறந்தார்.

"என்ன பிராண்ட்?"

"மேற்கு ஜெர்மனி. தங்க நிற டப்பா."

ஹ்லாடிக் எழுதிக்கொண்டார். மிலாடா பேனாவைப் பிடித்தபடியே நின்றாள். கல்லைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை.

"எந்த டப்பா?"

"அந்த டப்பாதான்."

"விழா அன்னிக்கா?"

"காலையில. நீங்க ரெண்டு பேரும் கடைக்குப் போயிருந்தீங்க."

"முழுசுமா?"

"முழுசும்."

"ரெண்டே ரெண்டு தடவைன்னுதானேடா சொன்னேன்!" என்று டோப்ரோமில் வெடித்தார். யாரும் சிரிக்கவில்லை.

மிலாடா பேனாவை மூடித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனாள். அது ஹ்லாடிக்கின் பேனா. அவர் திருப்பிக் கேட்கவில்லை.

அதன்பிறகு பத்தொன்பது நாள் மிலாடா பேசவில்லை. அலோயிஸ் நிலவறையிலிருந்து ஏறி வந்தால் கைகர் கருவியை மட்டும் கைகளின்மேல் காட்டுவாள்; அது டிக் டிக் என்று இருவருக்குமாகப் பேசும். பிறகு தட்டை நகர்த்துவாள். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு. ரொட்டிக்கடைக்காரி பலகையில் 'மிலாடைட்' என்றிருந்ததை அழித்து 'எலுமிச்சைக் கேக்' என்று எழுதினாள், விற்பனை குறையவில்லை.

இருபதாம் நாள் ப்ராக்கிலிருந்து சின்னப் பெட்டி வந்தது. இந்த முறையும் மிலாடாதான் பிரித்தாள். மிச்ச ஊசிகளும் ஒரு கடிதமும் இருந்தன. அசிட்டோனில் கழுவியதும் கார்பன் முழுக்கப் போய்விட்டதாம். அமிலத்தில் போட்டால் கரைந்து சிலிக்கா கஞ்சி மாதிரி நிற்கிறதாம், யுரேனோஃபேன் நிற்பது போலவே. எக்ஸ்ரேயில் பார்த்தால் பீட்டா வகை. ஆல்ஃபாவும் பீட்டாவும் ஒரே மாவுதான், பிழிந்த அச்சு வேறு; ஒன்று முறுக்கு, ஒன்று இடியாப்பம். 'உங்கள் ஊரில் தாராளமாகக் கிடைப்பது. ஆனால் அழகானது' என்று ஹ்லாடிக் முடித்திருந்தார். கடைசியில் ஒரு வரி: 'கழுவிப் பார்க்காமல் பெயர் வைக்கப் போனது என் தவறு. என் குறிப்பேட்டில் அப்படியே பதிந்திருக்கிறேன்.'

மிலாடா கடிதத்தை மடித்தாள். நிலவறைக்கு இறங்கிப் போனாள். வருடக்கணக்கில் அவள் அங்கே போனதில்லை. கல்லையும் சீட்டையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கைப்பையிலிருந்து ஹ்லாடிக்கின் பேனாவை எடுத்து அலோயிஸின் முன்னால் போட்டாள்.

"எழுது."

"என்னன்னு?"

"என்ன நடந்துச்சோ அது. வாயால சொன்னா நான் நம்ப மாட்டேன், உன் வாயை எனக்குத் தெரியும். சீட்டுலதான் நீங்க எல்லாரும் யோக்கியனுங்களாச்சே."

அலோயிஸ் எழுதினார். 'யுரேனோஃபேன்?' என்பதில் கேள்விக்குறியை அடித்துவிட்டு 'பீட்டா' என்று சேர்த்தார். 'பூச்சு: இல்லை' என்பதை ஒரே கோடாக அடித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனிதருக்கு அதை வெளியே எடுக்கச் சின்னக் கோடு ஒன்று போதுமானதாக இருந்தது. கீழே எழுதினார்: 'பூச்சு: ஹேர் ஸ்ப்ரே, முழு டப்பா. எடுத்தது நான். ஹெர்மீனா தொடவில்லை.' கையெழுத்து, தேதி. அந்தச் சீட்டு இனி அந்தக் கல்லோடுதான் போகும். அவர் செத்தபிறகு வாங்குபவனும் படிப்பான், அவனுக்குப் பிறகு வருபவனும் படிப்பான்.

"கோட்டைப் போடு. ரெண்டு பதினஞ்சுக்கு பஸ்" என்றாள் மிலாடா.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒரே ஒரு முறைதான் பேசினாள், அதுவும் வெளியே பார்த்துக்கொண்டு. "அவ மோந்து பாருன்னு சொன்னா. நான் மோந்து பார்க்கல. அது உன் தப்பில்ல, அது என்னோடது." அலோயிஸ் கல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டினார். தன்னைத் திட்டாமல் விட்டது ஆறுதலா தண்டனையா என்று அவருக்குப் புரியவில்லை.

ஒஸ்ட்ரோவில் மூன்றாவது மாடி. மணியடித்ததும் கதவு திறந்தது. ஹெர்மீனாவுக்கு அறுபத்தைந்து வயது. தலைமுடி முழுக்க நரைத்து, குட்டையாக வெட்டியிருந்தது. அக்காவைப் பார்த்தாள், அலோயிஸைப் பார்த்தாள். "யார் செத்தா?" என்று கேட்டாள்.

"யாரும் சாகல" என்ற மிலாடா, கணவரின் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். அலோயிஸ் சீட்டை நீட்டினார்.

ஹெர்மீனா மூக்குக் கண்ணாடியை எடுத்துவந்து படித்தாள். அடித்த வரியையும் படித்தாள், அடிக்காத வரியையும் படித்தாள். சீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை.

"நான் எடுக்கலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். "நீதான் இன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டே, மிலா. அதுக்கு நான் என்ன பண்ணணும்? கை தட்டணுமா?"

மிலாடா புது நீலச் சட்டையில் நின்றாள். பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ சொல்ல யோசித்து வைத்திருந்தாள் என்று அலோயிஸுக்குத் தெரியும். உதடு அசைந்துகொண்டே வந்தது. இப்போது கண்ணீர்தான் தாரை தாரையாக வந்தது, அவ்வளவுதான்.

ஹெர்மீனா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். நிலைவாசலில் நின்றபடியே, நரைத்த தலையை அக்காவின் முகத்துக்கு நேரே குனிந்து நீட்டினாள்.

"மோந்து பாரு" என்றாள்.

மிலாடா தங்கையின் தலையை இரண்டு கையாலும் பிடித்து அதில் முகத்தைப் புதைத்தாள். அழுகைச் சத்தம் இரண்டு பேருடையதாக இருந்தது. பிறகு எப்படியோ நகர்ந்து உள்ளே போனார்கள்; செருப்பைக் கழற்றச் சொல்லும் ஹெர்மீனாவின் குரல் கேட்டது. அலோயிஸ் பின்னால் ஓர் அடி எடுத்து வைத்தார். கதவு அவர் மூக்குக்கு நேரே சாத்திக்கொண்டது. சீட்டும் உள்ளே போய்விட்டது. கல் மட்டும் அவர் கையில் இருந்தது.

அவர் படிக்கட்டில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் உரக்கத் திட்டிக்கொள்ளும் சத்தம் வந்தது. நாற்பத்திரண்டு வருடப் பாக்கி. பிறகு பாத்திரச் சத்தம். பிறகு தன் பெயர் இரண்டு குரலிலும் சேர்ந்தாற்போல் அடிபடுவதைக் கேட்டார். நல்ல வார்த்தைகள் இல்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று திட்டினார்கள். அலோயிஸ் நிம்மதியோடு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காய்கறிப் பையோடு மாடியேறி வந்த பக்கத்து வீட்டுக்காரர் நின்று பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன கல்லுங்க அது, இவ்வளவு மஞ்சளா?"

"யுரேனோஃபேன். பீட்டா."

"யுரேனியமா?" அவர் ஒரு படி பின்வாங்கினார். "ஆபத்தில்லையே?"

அலோயிஸ் மூடிய கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"இது பரவாயில்லைங்க" என்றார். "இதுமேல அடிச்சிருந்ததுதான்."